கோஷா ஆஸ்பத்திரியின் பெயரில் இருந்த சாதி

ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரம் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் படித்த தங்கை ஒருத்தி இப்போது மருத்துவ மாணவி. விடுமுறைக்கு வந்தவளிடம், உங்கள் கல்லூரியில் பெண் பேராசிரியர்கள் எப்படி என்று கேட்டோம். “பிரசவ வார்டு முழுக்க மேடம்தான்க்கா. சர்ஜரி, ஆர்த்தோ பக்கம் போனா சாருங்கதான். விழா மேடையிலயும் சாருங்கதான்” என்றாள். அந்த மேடம்களில் நம் தெருக்களிலிருந்து போனவர்கள் உண்டா என்றோம். “அதை எப்படிக்கா கேக்கறது?”

இந்த இரண்டு பதில்களுக்கும் பழைய வரலாறு ஒன்று இருக்கிறது.

1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவரது முயற்சியால் 1885இல் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை உருவானது. திரைக்குள் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட மாட்டார்கள், ஆகவே பெண் மருத்துவர் வேண்டும் என்பதே அன்றைய வாதம். டஃபரின் சீமாட்டி நிதி தொடங்கியதும் அதே ஆண்டு, அதே காரணம். பெண் மருத்துவருக்கு அதிகாரம் கிடைத்தது. ஆனால் பெண்கள் வார்டுக்குள். தங்கையின் முதல் பதில் அங்கே தொடங்குகிறது.

இரண்டாவது பதில் அந்த மருத்துவமனையின் பெயரிலேயே இருக்கிறது. ‘சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான’ விக்டோரியா மருத்துவமனை. சாதிப் பெண்கள் என்றால் சாதி இந்துப் பெண்கள். நம் பாட்டிமார் அந்தப் பெயருக்குள் இல்லை. இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, எல்லோரும் போகிறோம். திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு இப்போதும் அது கோஷா ஆஸ்பத்திரிதான். கோஷா என்ற சொல் மக்கள் வாயில் தங்கிவிட்டது; சாதி என்ற சொல் சத்தமில்லாமல் நழுவிவிட்டது.

அதற்கு முன்பு பிரசவம் பார்த்தவர்கள் யார்? மருத்துவர் சமூகத்து மருத்துவச்சிகள். அவர்களுடைய கையறிவை அழுக்கு, மூடத்தனம் என்று ஒதுக்கித்தான் புதிய மருத்துவம் தன்னை நிறுவிக்கொண்டது. அவர்களில் எவரும் பேராசிரியர் ஆகவில்லை.

பெண்கள் மேலே வந்த கதையைச் சிறுமைப்படுத்த நாங்கள் எழுதவில்லை. இசை வேளாளர் தாய்க்குப் பிறந்து ஏச்சுகளைத் தாங்கி 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி நமக்கும் முன்னோடி. 1918இல் வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி.; அதன் முதல் இந்திய இயக்குநர் ஹில்டா லாசரஸ் என்ற பெண். தில்லி எய்ம்ஸுக்கோ 1956இல் தொடங்கிய பிறகு ஒரு பெண் இயக்குநர் கிடைக்க 1984 வரை ஆனது.

ஆனால் அதே எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் சுகதேவ் தோரட் குழு விசாரித்தபோது, ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு இல்லை என்று 69 விழுக்காட்டினர் சொன்னார்கள். அறிக்கை வந்தது 2007இல். 2019 மே மாதம் மும்பையில் பயல் தட்வி என்ற பழங்குடி முதுநிலை மாணவியை இழந்தோம். சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாக அந்த வழக்கில் முதலில் கைதான மூன்று மூத்த மருத்துவர்களும் பெண்கள். பெண்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணியிருந்தால் அந்த வார்டில் சமநிலை இருந்தது என்றே கணக்கு வந்திருக்கும்.

தமிழ்நாட்டில் அரசுப் பணியில் சேரும்போது இரண்டு கணக்கும் உண்டு. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பெண்களுக்கு 1989 முதல் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 30. டீன் நாற்காலிக்கோ பதவி உயர்வில்தான் போக வேண்டும்; அங்கே இனச்சுழற்சி இல்லை.

2022 ஜனவரியில் அரியலூருக்கே 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் அரங்கத்துக்குக் குழுமூர் அனிதாவின் பெயர். பிளஸ் டூவில் 1176 எடுத்தும், நீட்டால் மருத்துவ வகுப்பறைக்குள் கால்வைக்க முடியாமல் 2017 செப்டம்பர் 1 அன்று நம்மைவிட்டுப் போன நம் பிள்ளை. அந்தப் பெயருக்குக் கீழே இருக்கும் மேடையில் நம் பெண்கள் எத்தனை பேர் பேராசிரியர்களாக உட்காருவார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மருத்துவக் கல்வி இயக்ககத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் துறைவாரியாகப் பெண் ஆசிரியர்கள் எத்தனை, அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை, பெயர்கள் வேண்டாம். வரைவைப் படித்த தங்கை ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: “துறைத் தலைவர், டீன் போஸ்டைத் தனியா கேளுங்கக்கா. மொத்தமா கேட்டா மறைச்சிடுவாங்க.”