ஹிரோத்தா கோக்கி: அதிகாரமும் பொறுப்பும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் தோக்கியோவிற் கூடிய சர்வதேச இராணுவ நீதிமன்றம், 1948 நவம்பரில் யப்பானியத் தலைவர்கள் எழுவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களுள் அறுவர் படைத் தளபதிகள். எஞ்சிய ஒருவர் இராணுவத்தைச் சாராத முன்னாட் பிரதமர் ஹிரோத்தா கோக்கி. படையினருக்குக் கட்டளையிடும் அதிகாரமற்ற ஓர் அமைச்சர், அப்படையினர் புரிந்த கொடுமைகளுக்கு எந்த அளவுக்குப் பொறுப்பாளியாவார்? இவ்வினாவை எழுப்புவதாலேயே அவரது வாழ்க்கை வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியதாகின்றது.

1878ஆம் ஆண்டு புக்குவோக்காவில் ஒரு கற்றச்சரின் மகனாக ஹிரோத்தா பிறந்தார். தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று, வெளிநாட்டுச் சேவையிற் சேர்ந்து, 1930 முதல் 1932 வரை சோவியத் நாட்டிலே தூதுவராகப் பணியாற்றினார். 1933இல் வெளிநாட்டமைச்சரானார். குலப்பெருமையோ செல்வமோ இன்றி இந்நிலையை எய்தியமை அக்கால யப்பானில் அரிதான நிகழ்ச்சியே.

1936 பெப்ரவரி 26இல் இளம் இராணுவ அதிகாரிகள் கிளர்ந்தெழுந்து, நிதியமைச்சர் தக்காஹாஷி உள்ளிட்டோரைக் கொன்றனர். இக்குழப்பத்தின் பின்னர், மார்ச்சு 9இல் ஹிரோத்தா பிரதமரானார். அமைச்சர்களைத் தெரிவு செய்வதிலேயே இராணுவம் தலையிட்டது. வெளிநாட்டமைச்சர் பதவிக்கு அவர் விரும்பிய யொஷிதா ஷிகெருவை அது ஏற்கவில்லை. ஹிரோத்தா இணங்கினார். அவ்வாண்டு மே மாதத்தில், தரைப்படை, கடற்படை அமைச்சர்கள் சேவையிலுள்ள தளபதிகளாகவே இருத்தல் வேண்டும் என்னும் பழைய விதியை அவரது அரசாங்கம் மீண்டும் நடைமுறைப்படுத்தியது. கிளர்ச்சியோடு தொடர்புபடுத்தப்பட்டு ஓய்வு பெற்ற தளபதிகள் மீண்டும் அமைச்சராவதைத் தடுப்பதே இதன் நோக்கம் எனக் கூறப்பட்டது.

ஆயின் விளைவு வேறாயிற்று. தளபதியொருவரை அனுப்ப மறுப்பதன் மூலம் எந்த அமைச்சரவையையும் அமையவிடாது தடுக்கவும், இருப்பவரை விலக்கி அதனைக் கவிழ்க்கவும் இராணுவத்தால் இயலுமாயிற்று. 1937 சனவரியில் உகாக்கியால் அமைச்சரவை அமைக்க முடியாது போனமையும், 1940 யூலையில் யொனாயின் அமைச்சரவை வீழ்ந்தமையும் இதற்குச் சான்றுகளாகும்.

1937 யூனில் கொனோயேயின் அமைச்சரவையில் ஹிரோத்தா மீண்டும் வெளிநாட்டமைச்சரானார். அடுத்த மாதமே சீனாவுடன் போர் மூண்டது. திசெம்பர் 13இல் நான்கிங் வீழ்ந்தது. கைதிகளும் பொதுமக்களும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். இச்செய்திகள் வெளிநாட்டமைச்சை எட்டின. ஹிரோத்தா போர் அமைச்சரிடம் முறையிட்டார். கொடுமைகள் நிறுத்தப்படும் என்ற உறுதிமொழி கிடைத்தது. ஆயினும் கொடுமைகள் தொடர்ந்தன. அவர் இதனை அமைச்சரவையில் வலியுறுத்தவில்லை.

நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டமைக்கு இச்செயலின்மையே முக்கிய காரணங்களுள் ஒன்று. ஆக்கிரமிப்புப் போருக்கான சதியிலும் சீனாவுக்கு எதிரான போரிலும் அவருக்குப் பங்குண்டு எனவும் தீர்க்கப்பட்டது. விசாரணையில் அவர் தமக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. விசாரணை தொடங்கிய 1946இலேயே அவர் மனைவி தம்முயிரை மாய்த்துக்கொண்டார். ஒல்லாந்து நீதிபதி ரோலிங், ஹிரோத்தா விடுவிக்கப்பட வேண்டியவர் எனத் தனித் தீர்ப்பெழுதினார். இந்திய நீதிபதி ராதாபினோத் பாலோ அனைவரையுமே விடுவிக்க வேண்டுமென்றார். எனினும் பெரும்பான்மைத் தீர்ப்பின்படி 1948 திசெம்பர் 23இல் சுகாமோ சிறையில் ஹிரோத்தா தூக்கிலிடப்பட்டார்.

மரண தண்டனை மிகையானது என்போரின் வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. படையின் மீது அவருக்குக் கட்டளையதிகாரம் இருந்ததில்லை என்பது உண்மையே. ஆயின் 1937இல் அமைச்சரவை இராணுவத்தின் முன் வலுவிழந்து நின்றமைக்கு, 1936இல் அவரே கையளித்த அதிகாரமும் ஒரு காரணமன்றோ? நெருக்கடியைத் தணிக்கும் பொருட்டு ஒருமுறை விட்டுக்கொடுத்தவர், அடுத்த நெருக்கடியில் தடுக்கும் வலுவற்றவரானார். தம் இயலாமையை ஓரளவு தாமே ஆக்கிக்கொண்டவர், அதனையே முழுமையான விலக்காகக் காட்டுதல் பொருந்தாது. அமைச்சர்கள் யாவரும் குடிசாராராகவே இருத்தல் வேண்டும் என 1947இல் நடைமுறைக்கு வந்த யப்பானிய அரசியலமைப்பு விதித்தது. ஹிரோத்தாவின் காலம் கற்பித்த பாடம் அவ்விதியிற் பதிந்துள்ளது எனலாம்.