பன்மைய உளவள ஆலோசனை: ஆலோசகர்களின் அனுபவம்

ஒரே சிகிச்சைமுறை எல்லாருக்கும் பொருந்தாது. எது உதவும் என்பதை, ஆலோசனை நாடி வந்தவரோடு பேசியே முடிவுசெய்ய வேண்டும் என்பது பன்மைய அணுகுமுறையின் அடிப்படை. பிரிட்டனைச் சேர்ந்த மிக் கூப்பர், ஜான் மெக்லியோட் இருவரும் 2007இல் ஒரு கட்டுரையில் இதை முன்வைத்து, 2011இல் நூலாக விரித்தனர். இலக்கு, அதற்கான பணிகள், வழிமுறைகள் என்ற மூன்றையும் ஆலோசகரும் வருபவரும் சேர்ந்து வகுப்பதே இதன் நடைமுறை. வருபவரின் விருப்பங்களை அறிய, கூப்பரும் ஜான் நார்க்ராஸும் உருவாக்கிய 18 கேள்விகள் கொண்ட படிவமும் பயன்படுகிறது.

ஒரே சிகிச்சை மரபில் பயின்ற ஆலோசகருக்கு இது பெரும் விடுதலை. கனவைப் பேசவும், வீட்டுப்பயிற்சி தரவும், வெறுமனே கேட்டிருக்கவும் இனி அவர் தன் மரபிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் பிடிமானமும் தளர்கிறது. பயிற்சி மாணவர்களுக்கு இது குறிப்பாகக் கடினம்: பல முறைகளை மேலோட்டமாகக் கற்று எதிலும் ஆழமில்லாமல் போய்விடுவோமோ என்ற அச்சம் நியாயமானதே. ஒரே மரபில் ஊறிய மேற்பார்வையாளர் வாய்த்தால் சங்கடம் கூடும்.

இவற்றைவிட நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. “உங்களுக்கு எது உதவும்?” என்று கேட்டால், “நீங்கள்தானே நிபுணர், நீங்களே சொல்லுங்கள்” என்று பதில் வரலாம். துயரத்தின் உச்சியில் இருப்பவரிடம் தெரிவை ஒப்படைப்பது அவருக்குச் சுமையாகவும் ஆகலாம். அப்போது ஆலோசகர் தன் அறிவை மறைக்காமல், ஒரு வழியைத் தெளிவாக முன்வைத்து, மறுக்கும் உரிமையை வருபவரிடமே விட வேண்டியிருக்கிறது. இந்த அணுகுமுறையில் கைவரச் சிரமமான திறன் இதுவே.