ஓர் இயற்பியலாளரும் இரண்டு மலைகளும்

பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையை இரண்டாகப் பிரிக்கிறது. சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த இடைவெளிக்கு வடக்கே, மண்ணார்க்காட்டுக்கு மேலே, குந்திப்புழா பாயும் அமைதிப் பள்ளத்தாக்கு உள்ளது. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையையும் மூணாற்றையும் கடந்து சென்றால், கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் தமிழகத்தின் தேனி மாவட்டமும் சந்திக்கும் போடி மேற்கு மலை வருகிறது. முன்னதன் பெயர் சூழலியல் இயக்கங்களின் வரலாற்றில் இடம்பெறுகிறது. பின்னது நியூட்ரினோ ஆய்வகச் சர்ச்சை என்ற தலைப்பில் அறிவியல் கொள்கை பற்றிய நூல்களுக்குள் சென்றுவிட்டது. இவ்விரண்டையும் சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு. சேர்த்து வாசிக்கும்போது உயிரியலும் இயற்பியலும் சமூக ஆய்வும் ஒரே மலையின் முன் எவ்வாறு ஒன்றுகூடின, பின்னர் எவ்வாறு பிரிந்து நின்றன என்பது புலப்படும்.

அமைதிப் பள்ளத்தாக்கில் சைரந்திரி என்னுமிடம் அணை கட்ட ஏற்றது என்பது 1920களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டிருந்தது. 1973இல் திட்டக்குழு அத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. முதற்கட்டத்தில் 120 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும். சுமார் 830 ஹெக்டேர் காடு நீரில் மூழ்கும். மின்தட்டுப்பாட்டில் இருந்த மலபார் பகுதிக்கு இது தவிர்க்கவியலாத திட்டம் என்று கேரள மின்வாரியம் கருதியது. அக்கருத்து அடிப்படையற்றதும் அன்று. தொழிற்சாலையோ வேலைவாய்ப்போ இல்லாத ஒரு பகுதி மின்சாரம் கேட்பதை இன்றைய சூழலியல் நூல்கள் சில ஏளனமாகப் பதிவு செய்வது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது.

எதிர்ப்பின் முதல் விதை உயிரியலிலிருந்து வந்தது. 1970களின் முற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் கிரீன் திருநெல்வேலிச் சீமையின் களக்காட்டு மலைகளில் சிங்கவால் குரங்கை ஆராய்ந்தார். கேரன் மின்கோவ்ஸ்கியுடன் இணைந்து அவர் 1977இல் வெளியிட்ட கட்டுரை, அக்குரங்குக்குத் துண்டுபடாத பெரும் மழைக்காடு தேவை என்பதை எடுத்துக்காட்டியது. வெடிப்பலா மரங்கள் அடர்ந்த அத்தகைய காடுகள் மிகக் குறைவாகவே எஞ்சியிருந்தன. அவற்றுள் ஒன்று அணைக்குக் குறிக்கப்பட்டிருந்த பள்ளத்தாக்கு. 1976இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் குழு அமைத்த பணிக்குழுவும் சஃபர் ஃபத்தேஅலி தலைமையில் திட்டத்தைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. ஆனால் கைவிட இயலாதெனில் மேற்கொள்ள வேண்டிய பாதுகாப்பு ஏற்பாடுகளையும் அதே அறிக்கையில் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலே அரசுக்குப் போதுமான வாசலாயிற்று. ஏற்பாடுகளைச் செய்துவிடுகிறோம் என்று கூறி 1979இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது.

குரங்கைக் காப்பதா, மனிதருக்கு விளக்கேற்றுவதா என்ற கேள்வியை மின்வாரியத்தின் தரப்பு எழுப்பியபோது, உயிரியல் மட்டும் தனியே நின்று விடையளிக்க இயலவில்லை. இந்த இடத்தில்தான் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் 1979ஆம் ஆண்டு அறிக்கை முக்கியத்துவம் பெறுகிறது. அதனை எழுதியவர்கள் ஐவர். எம்.கே. பிரசாத் தாவரவியல் பேராசிரியர். எம்.பி. பரமேஸ்வரன் அணுப்பொறியியல் பயின்றவர். வி.கே. தாமோதரன் மின்பொறியியல் பேராசிரியர். சியாமசுந்தரன் நாயர் வேளாண் அறிவியலாளர். கே.பி. கண்ணன் பொருளியலாளர். திட்டத்தின் தொழில்நுட்பப் பொருளாதார, சமூக அரசியல் மதிப்பீடு என்று அவ்வறிக்கை தன்னை அழைத்துக்கொண்டது.

அறிக்கையின் வலிமை அதன் கேள்வியில் இருந்தது. காடு மதிப்புடையதா என்பதோடு அது நிற்கவில்லை. மலபாரின் மின்தட்டுப்பாட்டுக்கு உண்மையான காரணம் எது என்றும் கேட்டது. 1976இல் இடுக்கி மின்திட்டம் இயங்கத் தொடங்கியபின் கேரளம் அண்டை மாநிலங்களுக்கு மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே மலபாரின் குறை உற்பத்தியில் இருந்ததைவிட, மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பித்தடங்களிலும் பகிர்மான இழப்பிலும் இருந்தது என அறிக்கை வாதிட்டது. இது தாவரவியலாளர் தனித்துச் சொல்லியிருக்கக்கூடிய வாதம் அன்று. சொல்லியிருந்தாலும் எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். மின்பொறியியலாளரும் பொருளியலாளரும் அதே பக்கத்தில் கையொப்பமிட்டிருந்ததால் மின்வாரியம் அதை எண்களால் எதிர்கொள்ள நேர்ந்தது. பரிஷத்துக்குள்ளேயே இவ்வாதம் எளிதில் ஏற்கப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அறிவியல் முன்னேற்றத்தை மக்களிடம் கொண்டுசெல்லத் தோன்றிய ஓர் அமைப்பு, அணையை எதிர்ப்பதா என்று உறுப்பினர் பலர் கடுமையாக எதிர்த்தனர்.

குறையும் இல்லாமலில்லை. மலைக்கு அப்பால் அட்டப்பாடியில் வாழ்ந்த இருளர், முதுகர், குறும்பர் ஆகியோரின் குரல் அன்றைய விவாதத்தில் மிக மெலிதாகவே கேட்டது. சுகதகுமாரி முதலான கவிஞர்கள் காட்டுக்காகப் பேசினர். காட்டை ஒட்டி வாழ்ந்தோர் தமக்காகப் பேச மேடை அமையவில்லை. ‘சமூக அரசியல்’ என்ற சொல் தலைப்பில் இருந்தாலும் அதன் பொருள் பெரும்பாலும் மின்நுகர்வோரின் சமூகமாகவே இருந்தது.

இந்திரா காந்தி மீண்டும் பிரதமரான பின், மத்திய அரசும் கேரள அரசும் இணைந்து ஒரு கூட்டுக்குழுவை அமைத்தன. அதன் தலைவர் எம்.ஜி.கே. மேனன், உறுப்பினருள் ஒருவர் சூழலியலாளர் மாதவ் காட்கில். 1983இல் குழு அறிக்கை அளித்தது. திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் 89.52 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தியால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

மேனன் யார் என்பதைச் சூழலியல் வரலாறுகள் பெரும்பாலும் ஓர் அடைமொழியோடு கடந்துவிடுகின்றன: ‘புகழ்பெற்ற அறிவியலாளர்’. அவர் அண்டக்கதிர் இயற்பியலாளர். பிரிஸ்டலில் செசில் பவலின் ஆய்வுக்கூடத்தில் பயின்றவர். ஹோமி பாபாவின் மறைவுக்குப்பின் 1966இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானவர். அதற்கு முந்தைய ஆண்டில் கோலார் தங்கவயலில் தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கூடி, வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தனர். உலகில் அவ்வகையில் முதன்முதலாக வெளியான பதிவுகளுள் அது ஒன்று. ஏறத்தாழ அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ஃபிரடெரிக் ரைன்ஸின் குழுவும் அதையே கண்டது. கோலார் கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் மேனன்.

நியூட்ரினோவைக் காண மலையோ சுரங்கமோ ஏன் தேவை என்பதைச் சுருங்கக் கூறலாம். அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் மியூவான்கள் தரைமட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் விழுந்துகொண்டே இருக்கின்றன. அந்தப் பேரிரைச்சலின் நடுவே, பொருளோடு அரிதினும் அரிதாகவே வினைபுரியும் நியூட்ரினோவின் மெல்லொலி கேட்காது. பாறை மியூவான்களைத் தடுக்கும், நியூட்ரினோவைத் தடுக்காது. ஆகவே இயற்பியலாளருக்கு மலை என்பது ஒரு வடிகட்டி. எவ்வளவு உயரம், எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு பிளவற்ற பாறை என்பவையே அவர் அதனிடம் கேட்கும் கேள்விகள்.

கோலார் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. 2000களில் இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம் உருப்பெற்றபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம் என்பதால் 2009இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்து, தேனிப் பகுதியின் சுருளியாற்றைப் பரிசீலிக்குமாறு கூறியது. அங்கும் அடர்காடு. இறுதியில் போடி மேற்கு மலையின் சார்னகைட் பாறையும், மழைமறைவில் முட்புதர் படர்ந்த அதன் கிழக்குச் சரிவும் ஏற்றவை எனப்பட்டன. பொட்டிபுரம் அருகே சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை. அதன் முடிவில் எல்லாத் திசையிலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை சூழ்ந்த குகை. அதனுள் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பால் ஆன உணர்கருவி. மூவகை நியூட்ரினோக்களின் நிறை வரிசையைக் கண்டறிவது முதன்மை நோக்கம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது.

மலையின் மறுசரிவுதான் சிக்கல். சுரங்கப்பாதை மேற்கு நோக்கிக் குடைந்து செல்லும் திசையில் கேரள எல்லை. அதற்கப்பால் 2003இல் அறிவிக்கப்பட்ட மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. ஏலக்காட்டு ஆக்கிரமிப்புகளிலிருந்து மீட்கப்பட்ட, 12.82 சதுர கிலோமீட்டரே உள்ள சிறு பூங்கா அது. கிழக்கே வறண்ட புதர்; மேற்கே ஈரச்சோலை. ஒரே மலை இரண்டு சூழல்களாகவும் இரண்டு மாநிலங்களாகவும் இருந்தது. ஆவணங்களோ பெரும்பாலும் கிழக்கை மட்டுமே கண்டன.

கிராமத்தாரின் கேள்விகள் வேறு வகையின. மேய்ச்சல் நிலம் என்னவாகும், வெடிவைத்தால் கிணற்று நீர் நிற்குமா, அம்பரப்பர் மலைக்கோயிலுக்குப் போகலாமா. இவற்றோடு நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும், அணுக்கழிவு புதைக்கப்படும் என்ற அச்சங்களும் கலந்தன. கதிர்வீச்சு அச்சத்துக்கு இயற்பியல் அடிப்படை இல்லை. வளிமண்டல நியூட்ரினோக்கள் ஆய்வகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனைவரையும் ஊடுருவிச் செல்கின்றன. ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று இதை விளக்கினர். அதில் ஒரு விபரீதமும் நேர்ந்தது: தவறான கேள்விக்குச் சரியான விடை அளிப்பதில் காலமெல்லாம் கழிய, நீரும் பாறையும் மேய்ச்சலும் பற்றிய சரியான கேள்விகள் பின்னே தள்ளப்பட்டன. அவற்றை ஆராய்ச்சிக் கேள்விகளாக ஏற்று, இயற்பியலாளரோடு நிலநீர் அறிஞரும் சமூகவியலாளரும் ஒரே அறிக்கையில் கையொப்பமிட்டிருந்தால் விவாதத்தின் தரமே வேறாக இருந்திருக்கும். பரிஷத் அறிக்கைக்கு இணையான ஒன்று பொட்டிபுரத்தின் பொது விவாதத்தில் மையமாக அமையவில்லை.

மாறாகத் துறைகள் நீதிமன்றத்தில் சந்தித்தன. அங்கே அவற்றின் மொழி சட்டத்தின் மொழியாயிற்று. வைகோ தொடுத்த வழக்கில் 2015 மார்ச்சில் மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியின்றிப் பணி தொடங்கக் கூடாதென்றது. பூவுலகின் நண்பர்கள் தொடுத்த வழக்கில் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மதிகெட்டான் பூங்கா 4.9 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. 5 கிலோமீட்டருக்குள் இருந்தால் திட்டம் கடுமையான பிரிவின் கீழ் மதிப்பிடப்பட வேண்டும். ஆக, பழைமையான ஒரு பாறையையும் பிடிபடுவதற்கு மிக அரிய துகளையும் பற்றிய வழக்கு நூறு மீட்டரில் வந்து நின்றது. 2018இல் மத்திய அரசு சிறப்பு நேர்வாக மீண்டும் அனுமதி வழங்கியது. மலையைக் குடையும் திட்டம் கட்டடக் கட்டுமானங்களுக்கு உரிய வகைப்பாட்டில் வைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அவ்வனுமதியை ஏற்றதோடு, தேசிய வனவுயிர் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது.

2021 ஜூனில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடுமாறு பிரதமரிடம் கோரினார். 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தில் தமிழக அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், மதிகெட்டானையும் பெரியாற்றையும் இணைக்கும் புலி வழித்தடத்தையும், கொட்டகுடி முதலான ஆறுகளின் நீர்ப்பிடிப்பையும் சுட்டியது. இவை 2011இலேயே மேசைக்கு வந்திருக்க வேண்டிய உண்மைகள். புலி வழித்தடம் உண்டெனில் அது அன்றும் இருந்தது.

மேனன் 2016 நவம்பரில் மறைந்தார். கோலாரின் நியூட்ரினோவையும் குந்திப்புழாவின் காட்டையும் ஒருசேர அறிந்தவரான அவர் தலைமையில் போடி மலைக்கும் ஒரு கூட்டுக்குழு அமைந்திருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்பது வரலாற்றாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது. ஆனால் ஒரு வேறுபாடு மட்டும் தெளிவு. 1983இல் இயற்பியல் நடுவராக இருந்தது. பொட்டிபுரத்தில் அது கோரிக்கையாளராக இருந்தது. தன் துறையே நிலம் கேட்கும்போது பிற துறையினரை ஆலோசகராக மட்டும் அழைப்பதும், முடிவெடுப்போராக அழைக்காததும் எல்லாத் துறைகளுக்கும் இயல்பான பலவீனம். உயிரியலும் இதற்கு விலக்கன்று. காப்பகங்கள் அறிவிக்கப்பட்ட வரலாற்றில் காணிக்காரர்களும் முதுவர்களும் இதையே சொல்வார்கள்.

அமைதிப் பள்ளத்தாக்கும் அத்துடன் முடிந்துவிடவில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே ஆற்றில், பூங்காவின் எல்லைக்குச் சற்றுக் கீழே, பாத்திரக்கடவு என்ற பெயரில் 70 மெகாவாட் திட்டம் மீண்டும் முன்வைக்கப்பட்டது. 2007இல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டர் இடைப்பகுதி அறிவிக்கப்பட்ட பின்னரே அப்பேச்சு தணிந்தது.

நிறை வரிசையைத் தேடும் போட்டியில் சீனா முந்திச் சென்றுவிட்டது. குவாங்டாங் மாகாணத்தில் சுமார் 700 மீட்டர் பாறைக்கு அடியில் அமைந்த ஜூனோ உணர்கருவி 2025இல் தரவு சேகரிக்கத் தொடங்கியது. இந்தியக் கருவியின் சிறு வடிவம் மதுரையில் இருக்கிறது. 85 டன் எடையுள்ள அது நிற்பது தரைமட்டத்தில். தலைக்கு மேல் மலை இல்லாததால், எதை விலக்குவதற்காகப் பொட்டிபுரம் தேர்ந்தெடுக்கப்பட்டதோ அந்த மியூவான்களையே அது எண்ணிக்கொண்டிருக்கிறது.