மூட்டையைப் புதைக்குமுன் அவிழ்த்துப் பாருங்கள்

எமது பள்ளிவாசல்கள் பலவற்றில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு சாக்கு மூட்டை இருக்கும். கிழிந்த முஸ்ஹப், யாசீன் கிதாபு, மௌலித் கிதாபு என்று வீடுகளிலிருந்து வருபவை அதில் சேரும். நிறைந்ததும் புதைப்பார்கள். கடலோர ஊர்களில் கடலில் விடுவார்கள். குர்ஆன் எழுத்து காலில் படக்கூடாது என்ற பேணுதலில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த மூட்டைக்குள் போவதெல்லாம் குர்ஆன் அல்ல. அரபுத் தமிழ் வாசிக்கத் தெரியாத எமது தலைமுறைக்கு அரபு எழுத்தில் உள்ள எல்லாமே ஓதும் கிதாபாகத்தான் தெரிகிறது. உம்மம்மா காலத்துக் கடிதம், கடன் கணக்கு, கைமருந்துக் குறிப்பு, சீதனமாகக் கொடுத்த சாமான்களின் பட்டியல் எல்லாம் சேர்ந்தே மண்ணுக்குள் போகின்றன.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒரு கதை கெய்ரோவில் இருக்கிறது. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூத ஆலயத்தில், இறைவனின் பெயர் இருக்கக்கூடும் என்பதற்காக ஹீப்ரு எழுத்துள்ள தாள்களை எறியாமல் ஓர் அறையில் போட்டு வைத்தார்கள். அவர்களது வழக்கப்படி அவையும் பிறகு புதைக்கப்பட வேண்டியவைதான். புதைக்காமல் விட்டதால் தப்பின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்து வெளியே வந்த துண்டுகள் இலட்சக்கணக்கில். அவற்றில் கணிசமானவை ஹீப்ரு எழுத்தில் எழுதப்பட்ட அரபு. எமது அரபு எழுத்துத் தமிழ் போலத்தான். வேதம் மட்டுமல்ல, வியாபாரிகளின் கடிதமும் திருமண ஒப்பந்தமும் அதற்குள் இருந்தன. எஸ். டி. கொய்டைன் மத்தியதரைக் கடலோர மக்களின் அன்றாட வாழ்வைப் பல தொகுதிகளாக எழுத முடிந்தது அந்தக் குப்பையால்தான். முஸ்லிம்களிடமும் இப்படி நடந்திருக்கிறது. 1972 இல் ஸன்ஆ பெரிய பள்ளிவாசலைத் திருத்தும்போது கூரைக்கடியில் மிகப் பழைய குர்ஆன் தோல் ஏடுகள் கிடைத்தன.

எம்மிடம் பெரியவர்களின் எழுத்து ஓரளவு பத்திரமாக இருக்கிறது. சித்திலெப்பை 1882 இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’, 1885 இல் வந்த அவரது ‘அசன்பேயுடைய கதை’ ஆகியவற்றை ஆய்வாளர்கள் அறிவார்கள். எஸ்.எச்.எம். ஜெமீல் ‘சுவடி ஆற்றுப்படை’யில் இலங்கை முஸ்லிம்களின் நூல்களைத் தேடித்தேடிப் பட்டியலிட்டார். மலாய்ச் சகோதரர்களின் வீடுகளில் இருந்த கையெழுத்துப் பிரதிகளை ரொனிட் ரிச்சி என்ற ஆய்வாளர், பிரித்தானிய நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் பிரதியெடுத்தார். அதற்கும் வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. யார் பட்டியலிலும் சேராதது சாதாரண மனிதரின் தாள்.

தாள் இல்லாமற் போனால் என்னவாகும் என்று வடக்கு முஸ்லிம்களிடம் கேளுங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் சுமார் 75,000 பேரை வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். உறுதியை எடுப்பதா, பிள்ளையைத் தூக்குவதா? பள்ளிவாசல் பதிவேட்டை யார் நினைத்திருப்பார்? 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகோ, சோதனைக்குப் பயந்து அரபு எழுத்துள்ள நூல்களை எம்மவரே எரித்தார்கள். அந்தப் பயம் காரணமில்லாத ஒன்றல்ல. 2021 இல் இறக்குமதியாகும் இஸ்லாமிய நூல்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற நிலையும் வந்தது. தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் வெளியீடு எதுவும் கையில் இருந்தால் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு அழிப்பும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. தரீக்காக்காரர் சேகரித்தால் தவ்ஹீத் துண்டுப்பிரசுரம் குப்பைக்குப் போகும். தவ்ஹீத்காரர் சேகரித்தால் மனாகிப் கிதாபும் கந்தூரி அழைப்பிதழும் போகும். ஜமாஅத்தே இஸ்லாமியின் பழைய சஞ்சிகையோ, போராக்களின் வெளியீடோ, இடதுசாரி முஸ்லிம் இளைஞர்கள் ரோணியோவில் அடித்த தாளோ இருவருக்குமே வேண்டாம். ஆவணப்படுத்துவது ஃபத்வா கொடுப்பதல்ல. “வழிகேடு” என்று நீங்கள் கருதும் பிரசுரத்துக்கு மறுப்பு எழுதுங்கள், ஆனால் அதன் ஒரு பிரதியையும் வைத்திருங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எதை மறுத்தீர்கள் என்பதே உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு விளங்காது.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. மூட்டையைப் புதைக்குமுன் நிர்வாக சபை ஒரு நாள் ஒதுக்கட்டும். குர்ஆன் ஓதத் தெரிந்த ஒருவர் எழுத்துக்கூட்டி வாசித்தால் போதும், காதில் தமிழ் விழுந்தால் அந்தத் தாளைத் தனியே வையுங்கள். கையடக்கத் தொலைபேசியால், வெயில் நேரே படாத பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படமெடுங்கள். ஓரத்தில் கிறுக்கியிருப்பதையும் விடவேண்டாம். பிறந்த நாளும் மவுத்தான நாளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எந்த ஊர், யார் வீடு, ஏறத்தாழ எந்தக் காலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இது இல்லாத படம் பாதிப் படம். செலோடேப் ஒட்டுவதும் லெமினேட் செய்வதும் உதவியல்ல, தாளைக் கொல்லும் வேலை.

2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் முஸ்லிம் வெளியீடுகளும் சேர்கின்றன, படங்களை அங்கே கொடுக்கலாம். ஆனால் நூலாசிரியர் மரணித்து 70 வருடம் ஆகும்வரை எமது சட்டப்படி பதிப்புரிமை உண்டு, குடும்பத்தாரின் எழுத்துமூல அனுமதியை வாங்கிவிடுங்கள். நிக்காஹ், தலாக் பதிவுகளைப் படமெடுத்தாலும் பொதுவில் போட வேண்டாம், அதில் உள்ளவர்களின் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள். மூலப்பிரதியைக் கொண்டு போகிறவர் யாராயிருந்தாலும், எத்தனை பக்கம், எப்போது திரும்பும் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.