ரெக்-இட் ரால்ஃப்: பார்வையாளர் வரவேற்பு

ரெக்-இட் ரால்ஃப், வால்ட் டிஸ்னி அனிமேஷன் ஸ்டூடியோஸ் 2012இல் வெளியிட்ட அமெரிக்க அசைபடம். இயக்கியவர் ரிச் மூர். ஒரு பழைய ஆர்கேட் விளையாட்டில் முப்பது ஆண்டுகளாக வில்லனாகவே இருந்து சலித்துப்போன ரால்ஃப், நாயகனாகப் பெயரெடுக்க வேறு விளையாட்டுகளுக்குள் நுழைவதே கதை.

வசூல்: 2012 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் திரைக்கு வந்த படம், முதல் வார இறுதியில் அங்கு சுமார் 4.9 கோடி டாலர் ஈட்டியது. அந்த ஸ்டூடியோவின் படங்களில் அதுவரை இல்லாத தொடக்க வசூல் இது. உலக அளவில் வசூல் 47 கோடி டாலரைத் தாண்டியது. படம் பார்த்து வெளிவருவோரிடம் கருத்துக் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் 'ஏ' தரம் கிடைத்தது.

வரவேற்பு: எண்பதுகளில் ஆர்கேட் ஆடி வளர்ந்த பெற்றோரையும் அவர்களின் பிள்ளைகளையும் படம் ஒருசேரக் கவர்ந்தது. பௌசர், ஸாங்கீஃப் முதலிய வீடியோ விளையாட்டு வில்லன்கள் வட்டமாக அமர்ந்து மனக்குறை பேசும் காட்சி பெரியவர்களைச் சிரிக்க வைத்தது. 'சுகர் ரஷ்' என்னும் மிட்டாய் உலக விளையாட்டை ஆளும் கிங் கேண்டி ஒரு பூட்டைத் திறக்க அழுத்தும் பொத்தான் வரிசை, விளையாட்டுகளில் மறைந்திருக்கும் வசதிகளைத் திறக்கும் புகழ்பெற்ற கொனாமி குறியீடு என்பதை விளையாட்டுப் பிரியர்கள் உடனே கண்டுகொண்டனர். சிறுவர்களுக்கு அந்த மிட்டாய் உலகின் சிறுமி வனெலபியின் குறும்பும் அங்கு நடக்கும் கார் பந்தயமும் போதுமானதாக இருந்தன.

குறை: பல விளையாட்டுகளில் உலவத் தொடங்கும் கதை, பிற்பாதியில் 'சுகர் ரஷ்' உலகில் மட்டுமே தங்கிவிடுவதாகச் சில விமர்சகர்கள் குறிப்பிட்டனர்.

விருதுகள்: சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆனி விருதை வென்றது, அதே பிரிவில் ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. இரண்டாம் பாகம் 2018இல் வெளியானது.