நானா பென்ஸ்

மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில், மெழுகு அச்சுத் துணியின் மொத்த வியாபாரத்தைப் பல ஆண்டுகள் ஆண்ட பெண் வியாபாரிகள். மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வலம் வந்ததால் இப்பெயர் ஏற்பட்டது. அரசு விழாக்களுக்கு அரசே அவர்களிடம் கார் இரவல் வாங்கியது.

லோமே சந்தைப் பெண்களின் வலிமை இப்பெயருக்கும் மூத்தது. 1933 ஜனவரியில் பிரெஞ்சு நிர்வாகம் விதித்த வரிகளை எதிர்த்த தலைவர்கள் கைதானபோது, தெருவில் இறங்கி அவர்களை மீட்டவர்கள் இப்பெண்கள்தான்.

ஜாவாவின் பாத்திக் துணியைப் பார்த்து நெதர்லாந்து ஆலைகள் உருவாக்கியது மெழுகு அச்சுத் துணி. 1846இல் ஹெல்மண்ட் நகரில் தொடங்கிய விலிஸ்கோ இதில் பெயர்பெற்றது. விடுதலைக்குப் பின் கானா இறக்குமதியை இறுக்கியது. எல்லையை ஒட்டியிருந்த லோமேயில் சுங்கத் தீர்வை குறைவு. வியாபாரம் இங்கே குவிந்தது.

குறிப்பிட்ட வடிவங்களை விற்கும் தனியுரிமையை வணிக நிறுவனங்கள் ஒவ்வொரு நானாவுக்கும் கொடுத்தன. எந்த வண்ணம் விலைபோகும் என்று ஆலைக்குச் சொன்னதும், துணிக்குப் பெயர் சூட்டியதும் பெண்களே. கூண்டைவிட்டுப் பறவை பறக்கும் ஒரு துணிக்கு ‘நீ வெளியே போனால் நானும் போவேன்’ என்று பெயர். ஊர்சுற்றும் கணவனுக்கு வாயால் சொல்ல முடியாததை மனைவி உடுத்திக் காட்டினாள்! பள்ளி வாசலை மிதிக்காத பலர் இப்படிச் சந்தையின் நாடியைப் பிடித்து வைத்திருந்தது சாதாரணத் திறமை அன்று.

ஆனால் வடிவம் ஆலையின் சொத்து. தனியுரிமையும் நிறுவனம் மனம்வைக்கும் வரைதான். 1992 இறுதியில் தொடங்கி மாதக்கணக்கில் நீண்ட பொது வேலைநிறுத்தத்தில் வியாபாரம் பெனினின் கொட்டோனூ பக்கம் நகர்ந்தது. 1994 ஜனவரியில் டோகோவின் நாணயமான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டது பேரிடி: ஐரோப்பியத் துணியின் அடக்கவிலை ஒரே நாளில் இரட்டிப்பானது. இம்முடிவில் சந்தைப் பெண்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. இழப்பு மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது. அடுத்து, அதே வடிவங்களைச் சீன ஆலைகள் மலிவாக அச்சிட்டு இறக்கின. பிற்பாடு விலிஸ்கோவும் சொந்தக் கடைகளைத் திறந்தது.

‘நானெட்’ எனப்படும் அடுத்த தலைமுறைப் பெண்கள் மாதிரித் துணியுடன் சீனாவுக்கே சென்று அச்சிட்டு வாங்கினர். 2013 ஜனவரியில் லோமேயின் பெரிய சந்தைக் கட்டடம் தீக்கிரையானது. சரக்கை இழந்த பெண்கள் சுற்றுத் தெருக்களில் கடை விரித்தனர்.