நொய்யல் சாயக்கழிவு வழக்கு: தீர்ப்புக்கு முன்னும் பின்னும்

திருப்பூர் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் கலப்பதை எதிர்த்து, ஆற்றின் கீழ்ப்பகுதிப் பாசன விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு நொய்யல் சாயக்கழிவு வழக்கு எனப்படுகிறது. 2003-ல் தாக்கலான இவ்வழக்கில் 2006-ல் தீர்ப்பு வந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் பட்டறைகள் உண்மையில் மூடப்பட்டது 2011-ல், நீதிமன்ற அவமதிப்பு மனுவின் மீது பிறந்த உத்தரவால்தான். இந்திய சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் இவ்வழக்குக்குத் தனி இடம் உண்டு. காங்கேயம், சென்னிமலை வட்டார மக்களுக்கோ இது அவர்கள் கிணற்றுத் தண்ணீரின் கதை.

ஆறும் அணையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர் நகரங்களைக் கடந்து, காங்கேயத்துக்கு வடக்கே ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் சேர்கிறது. காங்கேயம் வட்டாரம் மழை குறைந்த பூமி. கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் மேயும் காங்கேயம் மாடுகளும், கிணற்றை நம்பிய தென்னையுமே இங்கு வாழ்வாதாரம். பாசனத்தைக் கூட்டவென்று நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

அதே ஆண்டுகளில்தான் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ பெருமளவில் தொட்டியில் கொட்டப்படும். துணியில் சாயம் ஏறியபின் அந்த உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறும். சில ஆண்டுகளிலேயே ஒரத்துப்பாளையம் அணை பாசன நீர்த்தேக்கம் என்ற நிலை மாறி, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் கெடுத்தது. அணை வேண்டுமென்று கேட்ட விவசாயிகளே அதில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது.

இவ்வழக்கின் இரு தரப்பும் ஒரே மண்ணின் மக்கள் என்பதையும் சொல்ல வேண்டும். திருப்பூர் முதலாளிகளில் கணிசமானோர் கொங்கு வேளாண் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். கீழ்ப்பகுதிக் கிராமங்களின் பிள்ளைகள் பலர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். உறவுக்குள் நடந்த வழக்கு என்றுகூடச் சொல்லலாம்.

வேலூரிலிருந்து வந்த சட்டம்

அரசாணை இல்லாமலில்லை. தமிழகத்தின் ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் ஆலைகள் அமையக் கூடாது என்று 1989-லேயே அரசாணை எண் 213 தடுத்தது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டமும் இருந்தது. ஏட்டில் இருந்த இவற்றுக்கு உயிர் கொடுத்தது பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் மீதான வழக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த அவ்வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்புக்கும் சீரமைப்புக்கும் பணம் கட்ட வேண்டும் என்பதும், தீங்கு வருமுன் தடுக்க வேண்டும் என்பதும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவையே என்று அத்தீர்ப்பு கூறியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைக்கவும், இழப்பை மதிப்பிடத் தனி ஆணையம் அமைக்கவும் வழி செய்தது. மனுதாரருக்காக வாதாடிய எம். சி. மேத்தாவுக்கு 50,000 ரூபாய் கட்டணத்தைத் தமிழக அரசே தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

தோல் தொழிலுக்காகப் பிறந்த அந்த ஆணையமே பின்னர் நொய்யலுக்கும் வந்தது. 2004-ல் நொய்யல் கரைக் கிராமங்களின் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் இழப்பீட்டை அது நிர்ணயித்தது. தலைக்குக் கணக்கிட்டால் ஒன்பதாயிரம் ரூபாய்க்கும் குறைவு. உவர்ந்துபோன ஒரு கிணற்றுக்கு இது ஈடாகுமா என்பதை அந்தக் கிணற்றுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

உயர் நீதிமன்றத்தில்

2003-ல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் ரிட் மனு தாக்கல் செய்தது. இங்கு வழக்கின் மையம் சட்டத்தைவிட வேதியியலில் இருந்தது. பட்டறைகள் தரப்பில் தனியாகவும் பொதுவாகவும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன. அவை நிறத்தையும் கரிமக் கழிவையும் குறைத்தன. கரைந்த உப்பை அவற்றால் எடுக்க முடியாது. வெளியேற்றப்படும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது என்பது விதி. சாயக்கழிவில் அது பல மடங்கு இருந்தது. கண்ணுக்குத் தெளிந்த தண்ணீரும் பயிரைக் கருக்கும் என்பதை நீதிமன்றம் ஏற்க, வல்லுநர் குழுவின் அளவீடுகள் தேவைப்பட்டன.

2006 டிசம்பர் 22 தீர்ப்பு இரண்டு வழிகளைச் சேர்த்துப் பிடித்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை, அதாவது பூஜ்ய வெளியேற்றத்தை, 2007 ஜூலை 31-க்குள் பட்டறைகள் அடைய வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் கட்ட வேண்டும். முதலில் 6 காசு, பிறகு 8 காசு, கடைசியில் 10 காசு. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் வெளியேற்றும் பட்டறைக்கு இது தினமும் 6,000 ரூபாயில் தொடங்கி 10,000 ரூபாயில் முடியும். தாமதம் செய்யச் செய்யச் செலவு ஏறும்படி அமைந்த இந்த ஏற்பாடு, வெறும் தடை உத்தரவைவிட நுட்பமானது.

பட்டறை உரிமையாளர் சங்கம் மேல்முறையீடு செய்தது. 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரின் பொறுப்பை உறுதி செய்து, மேலும் மூன்று மாதம் மட்டும் அவகாசம் தந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஈரோடு மாவட்டத்திலிருந்த காங்கேயம் புதிய திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்திருந்தது. கழிவை விட்ட நகரமே அதை எதிர்த்த கிராமங்களுக்கு மாவட்டத் தலைநகரானது.

மூன்று மாதம் கடந்தும் ஆறு மாறவில்லை. 2010-ல் அவமதிப்பு மனுக்கள் தாக்கலாயின. 2011 ஜனவரி 28 அன்று தலைமை நீதிபதி எம். ஒய். இக்பால், நீதிபதி டி. எஸ். சிவஞானம் அமர்வு, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் சுத்திகரிப்பு நிலையங்களோடு சேர்த்து மூடவும், மின் இணைப்பைத் துண்டிக்கவும் ஆணையிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயமிடத் துணிகள் வெளியூர்களுக்குப் போயின. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். அதே ஆண்டு தமிழக அரசு சுத்திகரிப்புத் தொழில்நுட்பத்துக்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து, எஞ்சும் உப்புக் கரைசலையும் மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை கைகூடிய நிலையங்கள் படிப்படியாகத் திறக்க அனுமதி பெற்றன. எட்டாண்டுகள் முடியாது எனப்பட்டது மின்சாரம் போனபின் முடிந்தது.

இன்றைய வழக்கறிஞருக்கு

இன்று இத்தகைய குறையோடு ஒரு விவசாயி காங்கேயம் முன்சீப் நீதிமன்ற வளாகத்துக்கு வந்தால், அங்குள்ள வழக்கறிஞர் முதலில் கவனிக்க வேண்டியது எங்கே தாக்கல் செய்வது என்பதை. 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கோரிக்கைகளை உரிமையியல் நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுக்கிறது. எனவே மனு சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்குப் போக வேண்டும். காலக்கெடுவும் இரண்டு வகை. சுற்றுச்சூழல் தகராறு மனுவுக்கு 14-ஆம் பிரிவின்படி ஆறு மாதம், இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்கும் 15-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு. தக்க காரணம் காட்டினால் இரண்டிலும் 60 நாள் கூடுதலாகக் கிடைக்கும், அதற்கு மேல் இல்லை.

அடுத்தது சான்று. கட்சிக்காரர் பாட்டிலில் பிடித்துவரும் தண்ணீர் அவருக்கு வலுவான சான்றாகத் தோன்றும். நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவோ வாரிய அலுவலர் கழிவுநீர் மாதிரி எடுப்பதற்கு முன்னறிவிப்பு, இரண்டாகப் பிரித்தல், முத்திரையிடல் என முறை வகுத்துள்ளது. அது தவறினால் அந்த ஆய்வு முடிவு சான்றாகாது. ஆகவே வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, மாதிரி எடுக்கும் நாளில் உடனிருப்பது பயன் தரும். நுரை பொங்கும் வாய்க்காலைக் கைப்பேசியில் படமெடுத்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் தரப்பினர் ஒரு பகுதியையும் வல்லுநர் ஒரு பகுதியையும் நிரப்ப வேண்டும். பழைய 65பி சான்றிதழ்ப் படிவத்தையே நகலெடுத்து வைப்பது போதாது.

நொய்யல் வழக்கின் நீளத்தைப் பார்த்தால் அலுவலக ஒழுங்கின் அருமை தெரியும். ஆயிரக்கணக்கானோர் பயன்பெறும் வழக்கில் ஒவ்வொருவரின் பட்டா, அடங்கல் நகல், கிணற்றின் சர்வே எண், வாரிசு விவரம் ஆகியவை கிராம வாரியாக அடுக்கப்படாவிட்டால், இழப்பீடு வரும் நாளில் பெயர் விடுபடும். முதியவர் இறந்து, நிலம் மூன்றாகப் பிரிந்திருக்கும். கேஸ் கட்டைத் தீர்ப்பு வந்ததும் பரணில் ஏற்றுவதும் தவறு. அவமதிப்பு நடவடிக்கைக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு ஓராண்டுக் கெடு வைக்கிறது. உத்தரவு தந்த அவகாசம் முடியும் நாளை அன்றே டைரியில் குறித்துக்கொள்ளும் அலுவலகமே அந்தக் கெடுவைத் தவறவிடாது. கட்டணத்திலும் எச்சரிக்கை தேவை. கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று பேசிக்கொள்வதை இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் தடை செய்கின்றன. கிராமத்தார் தாமாக அப்படிச் சொன்னாலும் வழக்கறிஞர் ஒப்புக்கொள்ளக் கூடாது.

சட்டமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2024-ல் நீர்ச் சட்டம் திருத்தப்பட்டு, பல குற்றங்களுக்குச் சிறைக்குப் பதில் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை வந்தது. முதலில் இது இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகளுக்கு மட்டும் பொருந்தும். பிற மாநிலங்கள் சட்டமன்றத் தீர்மானத்தால் ஏற்கலாம். 15 லட்சம் என்பது பெரிய ஏற்றுமதி ஆலைக்கு ஒரு கப்பல் சரக்கின் சிறு பகுதி என்பதால், இந்தத் திருத்தம் ஆற்றுக்கு நல்லதா என்ற ஐயம் நியாயமானதே. மறுபக்கம், 2025 ஜனவரி 30 அன்று வேலூர்த் தோல் கழிவு விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டையும் பாலாற்றின் சீரமைப்பையும் மீண்டும் வலியுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவின்படி தாமே சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்கலாம் என்றும் அது தீர்ப்பளித்தது. வாரியத்திடம் புகார் கொடுக்கும் விவசாயியின் மனுவில், மூடல் கோரிக்கையோடு அந்தப் பிரிவின் கீழ் இழப்பீட்டுக் கோரிக்கையையும் இனி சேர்த்தெழுதலாம்.